மூன்றாவது எட்டு

ஆர்கன் வாசிப்பவனுக்கு இரண்டு கைக்கும் வேலை உண்டு, இரண்டு காலுக்கும் வேலை உண்டு. வலது கை பாட்டை எடுத்துக்கொள்ளும். இடது கையும் இடது காலும் சேர்ந்து பாட்டுக்கு அடிநாதமான பேஸை வாசிக்கும். வலது கால் ஒலியை ஏற்றி இறக்கும் மிதியின் மேலேயே இருக்கும். சும்மா இருப்பது வாய் ஒன்றுதான். அதைச் சும்மா வைத்திருக்க எனக்குத் தெரியவில்லை. நான் சொல்லப்போகும் கேவலத்தில் பாதி அந்த வாயால் வந்தது, மீதி அதே வாயைத் திறக்க வேண்டிய நேரத்தில் மூடிக்கொண்டதால் வந்தது.

முப்பத்தோரு வருஷமாக ஜாஸ் ஆர்கன் வாசித்துப் பிழைக்கிறேன். வாரத்தில் நான்கு நாள் ஒரு ஹோட்டல் வரவேற்புக் கூடத்தில், பெட்டியை உருட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு நடுவே, யாரும் கவனித்துவிடாதபடி மெதுவாக வாசிப்பேன். "இன்னும் கொஞ்சம் சின்னதா சார்" என்று மேனேஜர் விரலால் காட்டுவார். அதற்கும் கீழே போனால் மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டு வீட்டுக்குத்தான் போகவேண்டும். ஞாயிறு மதியம் மட்டும் எங்கள் சொந்த வாசிப்பு. மூடிவிட்ட நீச்சல்குளம் ஒன்றின் மாடியில் எழுபது நாற்காலி போட்ட ஒரு கூடம், இன்னும் லேசாக குளோரின் வாடை அடிக்கும். அங்கே நாங்கள் மூன்று பேர்.

டிரம்ஸ் வாசிப்பவர் பல் டாக்டர். வாரம் முழுக்க அடுத்தவர் வாயைத் திறக்கச் சொல்பவர், ஞாயிற்றுக்கிழமை அதிகம் பேசமாட்டார். சாக்ஸபோன் வாசிப்பவர் என் அக்கா வீட்டுக்காரர், என் அத்தான். அறுபத்தாறு வயது. மூக்குக் கண்ணாடிக்கு லென்ஸ் தேய்த்துக் கொடுக்கும் கடை வைத்திருக்கிறார். பேச்சிலும் சரி, வாசிப்பிலும் சரி, தேவைக்கு மேல் ஒரு பொடி உதிராது. என் ஆர்கன் இரண்டு ஆள் கனம். பன்னிரண்டு வருஷமாக ஒவ்வொரு ஞாயிறும் அதை மாடிக்கு ஏற்றும்போது கீழ்ப்பக்கம் பிடிப்பவர் அவர்தான். படிக்கட்டில் கீழ்ப்பக்கம்தான் கனமான பக்கம் என்பது தூக்கியவர்களுக்குத் தெரியும்.

என்னை எல்லோரும் 'மீட்டர்' என்பார்கள். எண்ணிக்கை தவறாதவன் என்று அர்த்தம். அந்தப் பட்டத்தில் எனக்குக் கொள்ளைப் பெருமை. என் வீட்டில் ஆள் இல்லை, ரெக்கார்டுகள்தான் இருக்கின்றன, நான்கு அலமாரி நிறைய. ஹெட்போனை மாட்டிக்கொண்டு, நோட்டுப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, நான்கு தட்டு சேர்ந்தது ஒரு அளவு என்று எண்ணி, எட்டு அளவுக்கு ஒரு கோடாகப் பென்சிலால் போட்டபடி கேட்பேன். பெரிய பெரிய வாசிப்புக்காரர்கள் எங்கேயாவது ஒரு அளவு தவறியிருந்தால் சிவப்புப் பென்சிலால் சுழித்து வைப்பேன். அப்புறம் பல் டாக்டருக்குப் போன் போட்டு, இன்ன ரெக்கார்டில் இன்ன இடத்தில் அந்த மகானுபாவர் சறுக்கியிருக்கிறார் என்று சொல்லாவிட்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது. "சரி, அதனால என்ன? கேக்க நல்லாத்தானே இருக்கு" என்பார் அவர். அவருக்கு ரசனை போதாது என்று நினைத்துக்கொள்வேன்.

அந்த ஞாயிறு எங்களை முதல் முறையாகப் பதிவு செய்தார்கள். சின்ன கம்பெனி, ஒரே ஒலிப்பதிவாளர், ஆனால் ரெக்கார்டு உறையில் என் பெயர் வரும். முப்பத்தோரு வருஷத்தில் என் பெயர் எந்த உறையிலும் வந்ததில்லை. ஒலிப்பதிவாளர் குனிந்து என் மிதிக்கட்டைகளுக்குப் பக்கத்தில் தனியாக ஒரு மைக் வைத்தார். "உங்க கால் வேலை சும்மா தெறிக்கணும் சார்" என்றார். அதோடு நான் காலி. மூன்றாவது பாட்டு வரைக்கும் என் காலைத் தவிர வேறு எதையும் நான் பார்க்கவில்லை.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் என் குற்றம் புரியாது. நாங்கள் வாசிக்கும் பாட்டுகளில் பாதி ஒரே கட்டமைப்பு. எட்டெட்டு அளவாக நான்கு துண்டு. முதல் எட்டு ஒரு மெட்டு. இரண்டாவது எட்டும் அதே மெட்டு. மூன்றாவது வேறு, அதை நாங்கள் 'நடு' என்போம். நான்காவது மறுபடி பழைய மெட்டு. முடிந்ததும் நிற்காமல் தலையிலிருந்து தொடங்கிவிடுவோம். அப்போது என்ன ஆகிறது? ஒரு நடு முடிந்தபின் பழைய மெட்டு வரிசையாக மூன்று எட்டு வருகிறது: முடிவில் ஒன்று, புதுச் சுற்றின் தொடக்கத்தில் இரண்டு. மூன்றும் அச்சு அசலாக ஒன்றே. ஒரே மாதிரி மூன்று வீடு இருக்கும் தெருவில் இரண்டாவது வீட்டுக் கதவைத் தட்டிவிடுவது போல, எண்ணாமல் வாசிப்பவன் இரண்டு முடிந்ததுமே நடுவுக்குள் நுழைந்துவிடுவான். கற்றுக்குட்டிகள் செய்யும் தவறு.

இன்னொன்றும் உண்டு. எங்கள் தொழிலில் எழுதி வைக்காத ஒரு சட்டம். தனியாக வாசிக்கிறவர் வழி தவறிவிட்டால் பேஸ் வாசிக்கிறவன் அவர் இருக்கும் இடத்துக்குப் போய் அவரைக் கூட்டி வரவேண்டும். யார் சரி, யார் தப்பு என்ற பேச்சே கிடையாது. கேட்கிறவர்களுக்குத் தெரியாமல் ஒரு அளவில் சமாளித்து, ஒன்றுமே நடக்காதது போல நடந்துகொண்டே இருக்கவேண்டும். நானே எத்தனையோ பேருக்கு அப்படிச் செய்திருக்கிறேன். எனக்கும் செய்திருக்கிறார்கள்.

மூன்றாவது பாட்டில் அத்தான் தனியாக வாசித்துக்கொண்டிருந்தார். இரண்டாவது சுற்று. நான் நடுவுக்குத் திரும்பினேன். அவர் திரும்பவில்லை, பழைய மெட்டிலேயே இருந்தார். இரண்டும் மோதிக் காது கூசியது. அத்தான் சாக்ஸபோனை வாயிலிருந்து எடுக்காமல் என்னைப் பார்த்தார், கண்ணில் ஒரு கேள்வி. போயிருக்கலாம். அவர் தவறிவிட்டார் என்றே வைத்துக்கொண்டாலும் அவரிடம் போயிருக்க வேண்டும், அதுதானே சட்டம். ஆனால் காலடியில் மைக் இருந்தது, மீட்டர் தவறினான் என்று பதிவாகிவிடக் கூடாது. நான் நடுவையே இன்னும் அழுத்தி வாசித்தேன். போதாக்குறைக்கு, "நடு!" என்று சத்தமாகக் கத்தினேன். டிரம்ஸ் என் பக்கம் வந்தது. அத்தான் நிறுத்தினார். இரண்டு அளவு மௌனமாக நின்றுவிட்டு என் இடத்துக்கு வந்து சேர்ந்தார். அதன்பின் அவர் வாசித்ததில் உயிர் இல்லை.

பாட்டு முடிந்தது. எனக்கு முன்னால் பேசும் மைக் இருந்தது. "மன்னிச்சுக்குங்க, எங்க அத்தானுக்கு வயசாயிடுச்சு. நடுவுல ஒரு குட்டித் தூக்கம் போட்டுட்டாரு" என்றேன்.

எழுபது நாற்காலியும் சிரித்தது. அத்தானும் சிரித்தார். துணியை எடுத்து வாத்தியத்தின் வாயைத் துடைத்தார். தேவையில்லாமல் மறுபடியும் துடைத்தார்.

அன்று ஆர்கனை இறக்கும்போது கீழ்ப்பக்கம் பிடித்திருந்தவர் பாதிப் படியில் நின்றார். "சாரி மச்சான். பதிவு பண்ற அன்னிக்குன்னு பாத்துக் கவுத்துட்டேன்" என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "விடுங்க அத்தான். வயசானா எல்லாருக்கும் வர்றதுதானே" என்றேன். பெருந்தன்மையாம். இப்போது நினைத்தாலும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. அக்கா போன் செய்தாள்.

"தம்பி, உங்க அத்தான் ஒரு மாதிரியா இருக்காருடா. காரை எடுக்க மாட்டேங்கறாரு. வீடு முழுக்கச் சீட்டு எழுதி ஒட்டி வெச்சிருக்காரு. சாவி இங்க, மாத்திரை இங்க, அடுப்பை அணைச்சாச்சான்னு பாரு... எதுக்குன்னு கேட்டா, மூளை பிசகுதுடி, முன்கூட்டியே தயாரா இருக்கணும்கறாரு."

"வேற ஏதாவது மறந்தாரா?"

"ஒண்ணும் மறக்கல. ஆனா உனக்குத்தான் நல்லாத் தெரியுமேடா. அவருக்கு ஜென்மத்துல தப்பாத இடமாம் அது. நீ திருத்தியும் புரியலையாம்."

அத்தானின் அப்பா கடைசி ஐந்து வருஷம் மகனையே யார் என்று கேட்டுக்கொண்டு இருந்தவர். அது எனக்குத் தெரியும். தெரிந்தும்தான் அந்த ஜோக்கை அடித்தேன்.

மூன்று வாரம் கழித்துப் பதிவு என் கைக்கு வந்தது. பெருமாள் கோயில் பிரசாதத்தை வாங்குவது போல வாங்கிக்கொண்டு, ஹெட்போனை மாட்டி, புது நோட்டு ஒன்றைத் திறந்தேன். என் சொந்த ரெக்கார்டுக்குப் பழைய நோட்டு ஆகுமா? மூன்றாவது பாட்டு வந்தது. கோடு போட்டுக்கொண்டே வந்தேன். அத்தானின் முதல் சுற்று, நான்கு கோடு. சரி. இரண்டாவது சுற்று. ஒரு கோடு. அதற்குள் என் குரல் கேட்டது: "நடு!"

கோடு விட்டுப்போயிருக்கும் என்று நினைத்து மறுபடி போட்டேன். மறுபடியும் ஒரே கோடுதான். விரல் விட்டு எண்ணினேன், காலால் தட்டிப் பார்த்தேன், எழுந்து நின்றுகொண்டு எண்ணினேன். ஒன்பது முறை. பழைய மெட்டு வரும் மூன்றில் மூன்றாவது எட்டில் ஆடாமல் அசையாமல் இருந்தது அத்தானின் சாக்ஸபோன். ஒரு எட்டைத் தாண்டிக் குதித்தது என் கால். தெறிக்கத் தெறிக்க, தனி மைக்கில், துல்லியமாகப் பதிவாகியிருந்தது. டிரம்ஸ் என்னோடு வந்ததில் ஆச்சரியம் இல்லை. பேஸ் போகிற இடத்துக்குத்தான் டிரம்ஸ் போகும். அத்தான் மட்டும் சரியான இடத்தில் தனியாக நின்றிருக்கிறார். அப்புறம் ஜோக் வந்தது, எழுபது பேர் சிரிப்பும் வந்தது. ஹெட்போனில் கேட்டால் சிரிப்பு தலைக்குள்ளேயே கேட்கும்.

உடனே ஓடிப்போய்ச் சொல்லியிருப்பேன் என்றுதானே நினைக்கிறீர்கள்? செருப்பை மாட்டினேன், உண்மைதான். அந்த நேரம் பார்த்து ஒலிப்பதிவாளர் கூப்பிட்டார்.

"சார், மூணாவது பாட்டுதான் ரெக்கார்டுலயே ஹைலைட். உங்க கால் என்னமா நடக்குது! சாக்ஸ் ஒரு இடத்துல தடுமாறுது, அங்க மட்டும் சாக்ஸைக் குறைச்சு, வெட்டி ஒட்டிடறேன். யாருக்கும் தெரியாது. சரிதானே?"

ஒரு மூச்சு விடும் நேரம்தான் இருந்தது. "ஆமா, குறைச்சிடுங்க" என்றேன்.

செருப்பைக் கழற்றி வைத்தேன்.

அடுத்த நாள் சொல்லலாம் என்று நினைத்தேன். அடுத்த நாள், ரெக்கார்டு வெளிவந்த பிறகு சொல்லலாம் என்று நினைத்தேன். ஒரு எட்டு அளவுதானே, இதற்காக ஒரு மனுஷன் மூளை கெட்டுவிட்டது என்று நம்புவாரா, அவருக்கு வேறு ஏதோ இருக்கும் என்றுகூட நினைத்தேன். தப்பு செய்தவன் தனக்குத்தானே வக்கீலாக இருக்கும்போது வாதத்துக்குப் பஞ்சமே வருவதில்லை.

ஆறாவது நாள் அக்கா மறுபடி கூப்பிட்டாள். நரம்பு டாக்டரிடம் போகிறோம், நீயும் வா, அன்னிக்குப் பக்கத்துல இருந்தவன் நீதானே என்றாள். தலைவலி என்று சொல்லிப் பார்த்தேன். "ஆஸ்பத்திரிக்குத்தானே போறோம், உனக்கும் பாத்துக்கலாம்" என்றாள். போனேன்.

டாக்டர் சின்ன வயசுப் பெண், பொறுமையானவர். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். அத்தான் கழித்தார். கடிகாரம் ஒன்று வரையச் சொன்னார். அத்தான் லென்ஸுக்கு வட்டம் போடும் நிதானத்தில் வட்டம் போட்டு, பன்னிரண்டு எண்ணையும் ஒரே உயரத்தில் எழுதி, முள்ளையும் வைத்துவிட்டு, பரீட்சை எழுதிய பிள்ளை மாதிரி டாக்டர் முகத்தைப் பார்த்தார்.

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு. முதன்முதலா எப்ப வித்தியாசம் தெரிஞ்சுது?"

"இவனைக் கேளுங்க டாக்டர்" என்றார் அத்தான். "என் மச்சான். அவன்தான் பாத்தான். எனக்கு நான் சரின்னே தோணுச்சு, அதுதான் பயமா இருக்கு. ஆனா இவன் எண்ணிக்கை தப்பாது."

டாக்டர் என் பக்கம் திரும்பினார். அக்காவும் திரும்பினாள். சொல்லவேண்டிய இடம், சொல்லவேண்டிய நேரம், கேட்கவேண்டியவர்கள் அத்தனை பேரும் அந்த ஒரு அறையில் இருந்தார்கள். மேஜையில் அவர் வரைந்த கடிகாரம் பத்து மணி பத்து நிமிஷம் காட்டிக்கொண்டிருந்தது.

"ஒரு எட்டு பின்னாடி இருந்தாரு" என்றேன்.

டாக்டர் அதை எழுதிக்கொண்டார். ஸ்கேன் எடுக்கச் சொன்னார். வெளியே வந்ததும் அத்தான் என் தோளைத் தட்டி, "நல்ல வேளை நீ வந்தே" என்றார். அன்று ஹோட்டலில் நான் என்ன வாசித்தேன் என்று எனக்கு ஞாபகம் இல்லை. மேனேஜர் ஒரு முறைகூட விரலைக் காட்டவில்லை.

பதினோராம் நாள் கடைக்கு வரச்சொல்லி அத்தான் கூப்பிட்டார். முன்பே அவரிடம் செய்யக் கொடுத்திருந்த என் மூக்குக் கண்ணாடி தயாராகிவிட்டதாம்.

அவர் கடை ஒரு வண்டி நிறுத்தும் அகலம்தான் இருக்கும். முன்னால் கண்ணாடி அலமாரி, பின்னால் தேய்க்கும் சக்கரம். சக்கரத்தின் மேல் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும், தரையில் எப்போதும் வெள்ளைச் சேறு. அன்று சக்கரத்துக்கு உறை போட்டிருந்தது. அலமாரியில் ஃபிரேம்கள் பாதி காலி. அக்கா ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து பேப்பரில் குறுக்கெழுத்து போட்டுக்கொண்டிருந்தாள். அவரைத் தனியாக விடக்கூடாது என்று தினமும் வருகிறாளாம். சுவரெல்லாம் சீட்டு. பொடி எழுத்து, நேர்கோட்டில் எழுதியது. மெயின் ஸ்விட்ச். ஷட்டர் பூட்டு இரண்டு. தொலைபேசிக்கு மேலே ஒன்று: 'சந்தேகம் வந்தால் மச்சானைக் கேள்.' கீழே என் எண்.

"சனிக்கிழமையோட மூடறேன்" என்றார் அத்தான். "சொல்லிட்டேன் எல்லாருக்கும். ஒரு நம்பர் மாறிப்போச்சுன்னா ஒருத்தர் கண்ணு. பாட்டுல தப்பினா சிரிச்சுட்டுப் போயிடுவாங்க, இது அப்படியில்ல. உன்னுதுதான் கடைசி ஜோடி. சாக்ஸபோனையும் துடைச்சு வெச்சிருக்கேன், பக்கத்து ஸ்கூல்ல கேக்கறாங்க, அன்னிக்கே கொடுத்துடறேன்."

கண்ணாடியைத் துடைத்தார். எண் பார்க்கும் கருவியில் லென்ஸை வைத்து, ஒற்றைக் கண்ணால் பார்த்து, தாளில் குறித்தார். எடுத்து மறுபடி வைத்தார், பார்த்தார், குறித்தார். மூன்றாவது முறையும் வைத்தார். மூன்று முறையும் ஒரே எண். அப்படியும் அவருக்கு நிம்மதி வரவில்லை. நாற்பது வருஷம் அந்தக் கருவியில் கண் வைத்தவர் நகர்ந்து எனக்கு இடம் விட்டார்.

"நீ ஒரு தடவை பாத்துச் சொல்லேன் மச்சான். சரியா இருக்கா?"

எனக்கு அந்தக் கருவியில் எது மேல் எது கீழ் என்று தெரியாது. அவருக்கும் அது தெரியும். தெரிந்தும் கேட்டார், என் கண் மேல் அவ்வளவு நம்பிக்கை. நான் குனிந்து பார்த்தேன். உள்ளே பச்சையாக ஏதோ கோடுகள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"அத்தான், நீங்க தப்பல."

"என்னது?"

"அன்னிக்கு. அந்தப் பாட்டுல. நான்தான் ஒரு எட்டைத் தாண்டிட்டேன். நீங்க சரியாத்தான் நின்னீங்க."

அவருக்குப் புரியவில்லை. சமாதானத்துக்குச் சொல்கிறேன் என்று நினைத்து, "பரவால்லடா, எனக்காக நீ..." என்று ஆரம்பித்தார். நான் போனை எடுத்து மேஜை மேல் வைத்து, அந்த இடத்தை ஓடவிட்டேன்.

அத்தான் கண்ணை மூடிக்கொண்டார். விரல் முட்டியைத் தட்டியது. ஒவ்வொரு எட்டுக்கும் கட்டைவிரலால் அடுத்த விரலைத் தொட்டார். நடு வந்தது. அப்புறம் ஒன்று. இரண்டு. "நடு!" என்று போனுக்குள்ளிருந்து கத்தினேன். அவர் கட்டைவிரல் அசையாமல் மூன்றாவது விரலில் இருந்தது. சாக்ஸபோனும் அங்கேதான் இருந்தது.

"இன்னொரு தடவை போடு."

போட்டேன். ஜோக் வரைக்கும் ஓடிவிட்டது, நிறுத்த மறந்துவிட்டேன். எழுபது பேரும் அந்தக் குட்டிக் கடைக்குள் சிரித்தார்கள். அக்கா பேனாவை மூடினாள்.

அத்தான் கண்ணைத் திறந்தார். முகம் ஈரமாக இருந்தது, ஆனால் அது சந்தோஷம். "நான்தான் சரியா?" என்றார், நம்பாதவர் மாதிரி. "ஏய், கேட்டியா, நான்தான் சரி" என்று அக்காவிடம் சொன்னார். அப்புறம் என்னிடம் திரும்பினார், இன்னும் சிரித்தபடிதான்.

"எப்ப கண்டுபிடிச்சே? இன்னிக்கா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது.

"பதினோரு நாளாச்சு."

அவர் விரல்கள் மறுபடி எண்ணின. எண்ண வேண்டிய இடத்துக்கு வந்ததும் சிரிப்பு நின்றது.

"அப்ப டாக்டர்கிட்ட போனப்போ..."

"தெரியும்."

"பின்னாடி இருந்தேன்னு சொன்னியே."

"ஆமா."

அக்கா எழுந்து வந்தாள். அறைவாள் என்று நினைத்தேன், அறைந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவள் என் பக்கமே பார்க்கவில்லை. சக்கரத்தின் உறையை உருவி, உதறி, நான்காக மடித்து வைத்தாள்.

"அன்னிக்கு உனக்குத் தெரியாது. அது எல்லாரும் தப்பற இடம், நாளைக்கு நானும் தப்பலாம். அதுக்கு ஒண்ணும் சொல்லமாட்டேன்" என்றார் அத்தான். எழுந்து போய், தொலைபேசிக்கு மேலே இருந்த சீட்டை மட்டும் ஓரம் கிழியாமல் மெல்லப் பிரித்தெடுத்தார். மடித்து என் சட்டைப் பையில் வைத்தார்.

"மைக்ல சொன்னதை மைக்லயே போய் எடு" என்றார்.

என் கண்ணாடியை உறையில் போட்டுக் கொடுத்தார். எண் சரியாகத்தான் இருந்தது.

வாசலிலேயே நின்று ஒலிப்பதிவாளருக்குப் போன் செய்தேன். சாக்ஸை வெட்டாதீர்கள், தப்பு என் காலில்தான் என்றேன். அவர் போட்டுக் கேட்டுவிட்டு, அப்படியென்றால் அந்தப் பாட்டையே எடுத்துவிடவேண்டியதுதான் என்றார். எடுத்துவிட்டார். ரெக்கார்டு பின்னால் வந்தது. உறையில் என் பெயர் இருக்கிறது. நான் இன்னும் அதைப் பிரிக்கவில்லை.

சனிக்கிழமை கடை மூடவில்லை. சாக்ஸபோனும் பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை. ஞாயிறு அத்தான் வந்தார், ஆர்கனைத் தூக்க நின்றார். நான் கீழ்ப்பக்கம் போனேன். அவர் மறுக்கவில்லை. இரண்டாவது வளைவில் எனக்கு நாக்கு தள்ளிவிட்டது.

வாசிப்பு தொடங்கும் முன் மைக்கை எடுத்தேன். "பதிவு பண்ணின அன்னிக்கு இதே மைக்ல, எங்க அத்தான் தூங்கிட்டாருன்னு சொன்னேன். அவர் தூங்கல. அவர்தான் சரி. நான்தான் எண்ணாம ஒரு எட்டைத் தாண்டிட்டு, அவரைத் தப்புன்னு சொன்னேன். தெரிஞ்சப்புறமும் பதினோரு நாள் சொல்லல."

எழுபது நாற்காலியும் சிரித்தது. என் வாயைத்தான் அவர்களுக்குத் தெரியுமே. "இது ஜோக் இல்லைங்க" என்றேன். இன்னும் பலமாகச் சிரித்தார்கள், பின்னால் ஒருவர் கையும் தட்டினார். பல் டாக்டர் மட்டும் குச்சியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஆரம்பிக்கலாமா?" என்றார் அத்தான்.

அதே பாட்டு. அவர் முறை முடிந்து, என் முறை வந்தது. சாக்ஸபோனைக் கழுத்தில் தொங்கவிட்டபடி அத்தான் ஆர்கனுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். நடு முடிந்தது. அவர் கையை எல்லோருக்கும் தெரியும்படி உயர்த்தி, ஒரு விரலைக் காட்டினார். எட்டு அளவு கழித்து இரண்டு. புதிதாகச் சேர்ந்தவனுக்குக் காட்டுவது போலக் காட்டினார். எனக்குக் காது வரை சுட்டது. தலையை ஆட்டி வேண்டாம் என்று சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. மூன்றாவது விரல் வரும்வரை அவர் கையையே பார்த்துக்கொண்டு காத்திருந்தேன்.

ஸ்கேன் ரிப்போர்ட்டில் ஒன்றும் இல்லை. காரை ஓட்டுகிறார், சீட்டுகளையும் அக்கா கிழித்துப் போட்டுவிட்டாள். ஆனால் இப்போதும் எந்தக் கண்ணாடியையும் மூன்று முறை கருவியில் வைத்துப் பார்க்காமல் அவர் யாருக்கும் கொடுப்பதில்லை. முன்பெல்லாம் ஒரு முறைதான் பார்ப்பார்.